அச்சு வேலைக்குக் கம்ப்யூட்டர்: காசை எங்கே போடுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. களுவாஞ்சிக்குடியில் சிறிய அச்சகம். இருப்பது நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், சாதாரண ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கம்ப்யூட்டர். வேலை கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், பில் புத்தகம், பிளெக்ஸ் பதாகைக்கான வடிவமைப்பு. கையில் மூன்றரை இலட்சம். கடைக்காரர் ஐ9 புரொசசரும் விளையாட்டுக்கான பெரிய கிராபிக்ஸ் கார்டும் போடச் சொல்கிறார். ஐ7 போதாதா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், போகிற போக்கில், மெரூன் நிறத்தில் காட்டிய அழைப்பிதழ் மண்நிறமாக அச்சாகி, வாடிக்கையாளர் கட்டோடு திருப்பித் தந்ததையும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. ஐ7 போட்டாலும் ஐ9 போட்டாலும் அந்த மெரூன் மண்நிறமாகத்தான் வரும். அழகாக, வேகமாக, மண்நிறமாக வரும்.

நான் மட்டக்களப்பில் அச்சுக்கு முந்திய வேலையில் நெடுங்காலம் இருந்தவன். முதலில் ஓப்செட், பிறகு டிஜிட்டல் மெஷின், இடையிடையே பிளெக்ஸ். கோப்பின் அளவு, நிறம், மின்சாரம் ஆகியவற்றைப் பற்றிக் கீழே சொல்வதெல்லாம் உறுதியானவை. எந்த மொடல், எந்தக் கம்பனி என்பதில் நான் சொல்வது என் விருப்பம் மட்டுமே. வேறொருவர் வேறு சொன்னால் அவரும் பிழையாகச் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. விலை எழுதப்போவதில்லை. இன்று எழுதினால் அடுத்த கிழமை பொய்யாகிவிடும்.

முதலில் ரேம். போட்டோஷொப் ஏன் திணறுகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஏ4 தாள் 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், 2480க்கு 3508 புள்ளிகள். சிஎம்வைகேயில், அதாவது சியான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு அச்சு மைகளின் கணக்கில், ஒரு புள்ளிக்கு 4 பைட். ஆக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத் தட்டான லேயர் முழுதாக ஒன்றுக்கு ஏறக்குறைய 35 எம்பி. இருபது லேயர் வைத்து அழைப்பிதழ் செய்தாலும் 700 எம்பிதான். இதற்கு 16 ஜிபி தாராளம். இனி, கோயில் வாசலில் கட்டும் 10க்கு 20 அடி பதாகையை எடுங்கள். 72 டிபிஐயில் செய்தால் ஒரு லேயர் சுமார் 600 எம்பி. அதையே “தெளிவாக இருக்கட்டும்” என்று 300 டிபிஐயில் திறந்தால் ஒரு லேயரே 10 ஜிபியைத் தாண்டும். புள்ளிகள் பக்கத்துக்கு 30,000ஐக் கடந்துவிடுவதால் போட்டோஷொப்பின் வழக்கமான பிஎஸ்டி கோப்பாகச் சேமிக்கவும் விடாது, பெரிய கோப்புக்கான பிஎஸ்பி வகையைக் கேட்கும். வீதியில் நின்று பார்க்கிற பதாகைக்கு 72 டிபிஐ போதும். அப்படியும் பத்துப் பதினைந்து லேயர், நிழல், ஒளிவட்டம் என்று அடுக்கினால் 16 ஜிபி முட்டும். அதனால் உங்களுக்கு 32 ஜிபி. ஒரே குச்சியாக வாங்காமல் 16, 16 என்று இரண்டாகப் போட்டால் இரண்டு வழியாகவும் தரவு ஓடும். ரேம் விலை 2025இன் கடைசியிலிருந்து உலகம் முழுவதும் ஏறிக்கிடக்கிறது. காசு இடித்தால் இப்போதைக்கு 8, 8 என்று 16 ஜிபி போட்டு, நான்கு ரேம் இடம் உள்ள மதர்போர்டாக வாங்கிவிடுங்கள். மிச்சத்தைப் பிறகு போடலாம்.

புரொசசரில் கடைக்காரர் சொல்வதை நான் ஏற்கவில்லை. போட்டோஷொப், இலஸ்ட்ரேட்டர், கோரல் ட்ரோ மூன்றிலும் பெரும்பாலான வேலை, புரொசசருக்குள் இருக்கும் கோர் என்ற கணிப்பு அலகுகளில் ஒன்றிரண்டில்தான் ஓடுகிறது. 24 கோர் இருந்தால் அவற்றில் பெரும்பகுதி சும்மா இருக்கும். வீடியோ வெட்டுபவருக்கும் முப்பரிமாணம் செய்பவருக்கும் ஐ9 சரி. பில் புத்தகம் அடிக்கிறவருக்கு இன்றைய ஐ5 அல்லது ரைசன் 5 போதும்; உங்கள் நான்காம் தலைமுறையிலிருந்து அதற்கு வந்தாலே வித்தியாசம் முதல் நாளே தெரியும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்டெல் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் புரொசசர்களில், குறிப்பாக மேல்நிலை ஐ7, ஐ9களில், அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தம் சென்று சிப் மெல்ல மெல்லக் கெடுகிற குறை 2024இல் வெளிவந்தது. இன்டெல் அதற்குத் திருத்தம் வெளியிட்டு வொரண்டியையும் 2 வருடம் நீட்டியது. திருத்தம் மதர்போர்டின் பயோஸ், அதாவது கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் உள் மென்பொருள், வழியாகத்தான் வரும். ஆகவே அந்தத் தலைமுறையில் ஒன்றை வாங்கினால், கடையிலேயே பயோஸைப் புதுப்பித்துத் தரச் சொல்லி, முன்னால் நின்று பார்த்து வாங்குங்கள். பாவித்த ஐ9 மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால் வேண்டாம். புரொசசரின் பெயர் முடிவில் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் இல்லை. தனிக் கார்ட் போடாவிட்டால் திரையில் ஒன்றும் வராது. இது தெரியாமல் “விலை குறைவாக இருக்கிறதே” என்று வாங்கிவந்து, பிறகு கார்டுக்குச் செலவழிப்பவர்கள் உண்டு.

கிராபிக்ஸ் கார்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பில்லும் பதாகையும் செய்ய உள்ளிருக்கும் கிராபிக்ஸே போதும். போட்டோஷொப்பின் புதிய பதிப்புகளில் ஆளைத் தனியே வெட்டுவது, பின்னணியை நீக்குவது போன்றவை கார்ட் இருந்தால் விரைவாக நடக்கும்; அதற்கு 4 முதல் 8 ஜிபி நினைவகம் உள்ள சாதாரணக் கார்ட் ஒன்று போதும். ‘வேர்க்ஸ்டேஷன் கார்ட்’ என்று தனியாக விற்பதை மறந்துவிடுங்கள்.

ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150 எம்பி அளவில் தருகிறது. சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டியில், கேபிளில் மாட்டும் சாட்டா வகை 550 எம்பி வரை. மதர்போர்டிலேயே பொருத்தும் என்விஎம்இ வகை பெரும்பாலும் 3,500 அளவிலிருந்து தொடங்குகிறது. உங்கள் பழைய கம்ப்யூட்டர் திறக்கவே தேநீர் குடித்து வரலாம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த ஹார்ட் டிஸ்க்தான். விண்டோஸுக்கும் மென்பொருளுக்கும் நடப்பு வேலைக்கும் 1 டிபி என்விஎம்இ ஒன்று. முடிந்த வேலைகளைப் போட்டுவைக்கப் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று. அதே கோப்புகளின் இன்னொரு பிரதி வெளியே எடுத்துச் செல்லும் டிஸ்க்கில், அச்சகத்தில் இல்லாமல் வீட்டில். மழை வெள்ளம் பார்த்த ஊரில் ஏன் வீட்டில் என்று விளக்க வேண்டியதில்லை. மேசைக்குக் கீழே தரையில் கேசிங்கை வைப்பதையும் அதே காரணத்துக்காக விட்டுவிடுங்கள்.

இப்போது மெரூனுக்கு வருகிறேன். அது மண்நிறமாவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. அநேகமாக மூன்றும் சேர்ந்தே வேலை செய்திருக்கும். ஒன்று திரை. கடையில் மலிவாகத் தரும் மொனிட்டர்களில் பழைய டிஎன் வகைத் திரை இன்னும் வருகிறது. தலையைச் சற்றுத் தூக்கினால் ஒரு நிறம், தாழ்த்தினால் இன்னொரு நிறம். ஐபிஎஸ் திரையில் அது இல்லை. ஐபிஎஸ்ஸாக இருந்தாலும் பெட்டியிலிருந்து எடுத்தபடியே பாவித்தால் வெளிச்சம் மிக அதிகம். நிட்ஸ் என்ற வெளிச்ச அளவில் சாதாரணமாக 250, 300 வைத்து அனுப்புகிறார்கள். அச்சு வேலைக்கு 80 முதல் 120 வரைதான் வேண்டும். “திரையில் பளிச்சென்று இருந்தது, தாளில் மங்கிவிட்டது” என்ற முறைப்பாட்டில் பாதி இந்த வெளிச்சத்தால் வருவது. இரண்டாவது கோப்பு. திரைக்குரிய சிவப்பு, பச்சை, நீலக் கணக்கான ஆர்ஜிபியில் செய்து அப்படியே அனுப்பினால், எந்த மையை எவ்வளவு போடுவது என்பதை மெஷினே தன் இஷ்டத்துக்குத் தீர்மானிக்கும். மூன்றாவதை யாரும் நினைப்பதில்லை: தாள். அச்சு மை கண்ணாடி போல ஒளி ஊடுருவக்கூடியது. அடியில் உள்ள தாளின் நிறம் அதில் கலக்கும். நீங்கள் அடித்தது கிரீம் அல்லது சந்தன நிற அட்டையாக இருந்தால், மெரூனுக்குள் மஞ்சள் ஏறி மண்நிறமாவது இயல்பு. வெள்ளை ஆர்ட் போர்டில் அதே கோப்பை அடித்துப் பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள்.

அதனால் மூன்றரை இலட்சத்தில் மூன்றில் ஒரு பங்கை மொனிட்டருக்கும், கரண்ட் நின்றாலும் பற்றரியில் ஓடவிடும் யூபிஎஸ்ஸுக்கும் முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில்தான் கம்ப்யூட்டரைக் கணக்குப் பாருங்கள். மொனிட்டர் 24 அங்குலமோ 27 அங்குலமோ, ஐபிஎஸ் திரை, எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான திரை நிறவெளியை 100 சதவீதம் காட்டக்கூடியது. 27 வாங்கினால் 2560க்கு 1440 இருக்க வேண்டும். அந்த அளவில் 1920க்கு 1080 எடுத்தால் எழுத்தின் ஓரங்கள் சொரசொரப்பாகத் தெரியும். அதைவிட அகன்ற அடோபி ஆர்ஜிபி நிறவெளியைக் காட்டும் மொனிட்டர்கள் அச்சில் வரும் சில நீலப்பச்சைகளைக் கூடுதலாகக் காட்டும் என்பது உண்மை. ஆனால் அவற்றின் விலைக்கு உங்கள் வேலையில் பலன் வராது. மெரூனும் கடும்பச்சையும் எஸ்ஆர்ஜிபிக்குள்ளேயே அடங்கும். விளையாட்டுக்காரருக்கான வளைந்த திரை வேண்டாம். அதில் நேர்கோடு நேராக இருக்கிறதா என்று பார்ப்பதற்குள் கண் வலிக்கும்.

திரையை அளந்து சரிசெய்யும் சிறு கருவிகள் இருக்கின்றன. ஸ்பைடர், கலிப்ரைட் என்ற பெயர்களில் விற்கிறார்கள். தனி ஒருவருக்கு அது செலவுதான். ஆனால் மாதத்துக்கு ஒரு முறை பாவித்தால் போதுமான பொருள். மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரை வீதியோரம் இத்தனை அச்சகங்கள் இருக்கின்றன. மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி மாறி மாறிப் பாவிப்பதில் என்ன தடை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. தொழில் போட்டி என்பார்கள். திரையின் வெளிச்சத்தில் என்ன போட்டி?

கருவி இல்லாமலும் செய்யக்கூடிய ஒன்று உண்டு, அதுவே இதில் மிகவும் பயன்படுவது. ஒரு ஏ3 தாளில் சிறு சிறு பெட்டிகளாக நிறங்களை வரைந்து, ஒவ்வொன்றுக்குக் கீழும் அதன் சிஎம்வைகே எண்களைச் சிறிதாக எழுதுங்கள். மெரூனுக்கு மட்டும் ஒரு வரிசை: சி 20, எம் 100, வை 60, கே 30 என்று தொடங்கி, மஞ்சளைப் பத்துப் பத்தாகக் குறைத்தும் கறுப்பைப் பத்துப் பத்தாகக் கூட்டியும் போங்கள். இதை நீங்கள் வழக்கமாக அடிக்கும் அதே மெஷினில், அதே வெள்ளை அட்டையில் ஒன்று, அதே கிரீம் அட்டையில் ஒன்று அடித்துச் சுவரில் ஒட்டுங்கள். வாடிக்கையாளர் வந்தால் திரையைக் காட்டாதீர்கள். பெட்டியில் விரலை வைக்கச் சொல்லுங்கள். அவர் விரல் வைத்த பெட்டியின் எண்ணைக் கோப்பில் இடுங்கள். திரை எப்படிக் காட்டினாலும் தாளில் வரப்போவது அவர் விரல் வைத்த நிறம்தான். அதை டியூப் லைட்டின் கீழ் தெரிவு செய்யவிடாமல் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்வது இன்னும் நல்லது. கிருஷ்ணர் படத்தில் வரும் அந்த மின்னும் நீலமும், பளபளக்கும் கிளிப்பச்சையும் நான்கு மையால் வரவே வராதவை; திரையின் நீலம் தாளில் ஊதா அடிக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் சண்டை இல்லை.

கறுப்பைப் பற்றியும் ஒரு சொல். போட்டோஷொப்பில் ஆர்ஜிபி கறுப்பை அதன் வழக்கமான அமெரிக்க அமைப்பில் சிஎம்வைகேயாக மாற்றினால் 75, 68, 67, 90 என்று நான்கு மையிலும் பிரிந்துவிடும். பெரிய பதாகையில் பரவாயில்லை. மரண அறிவித்தலின் சிறு எழுத்தில் இது வந்தால், அச்சுப் பிளேட் இம்மியளவு விலகினாலும் ‘ண’, ‘ஞ’ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் சிவப்பும் நீலமும் கசியும். சுழியின் உள்வெளி அடைபட்டு வாசிக்க முடியாமலும் போகும். எழுத்துக்குக் கே 100 மட்டும். எழுத்தைப் போட்டோஷொப்பில் வைக்காமல் கோரலிலோ இன்டிசைனிலோ வையுங்கள்.

மின்சாரத்துக்கு வருவோம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் நின்ற காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். இப்போது அப்படி இல்லை. ஆனாலும் 2025 பெப்ரவரி 9 போல நாடு முழுவதும் ஒரேயடியாக இருண்ட நாளும் வந்தது. உங்கள் தொழிலில் மரண அறிவித்தல் ஒன்று காலையில் வந்தால் மதியத்துக்குள் கைக்குக் கிடைத்தாக வேண்டும். யூபிஎஸ் இல்லாமல் அதைச் செய்வது சூதாட்டம். மின்னழுத்தம் ஏறி இறங்குவதைத் தானே திருத்தும் ‘லைன் இன்டராக்டிவ்’ வகையைக் கேளுங்கள். 650 விஏ என்று எழுதியிருந்தாலும் வாட் கணக்கில் அது ஏறக்குறைய பாதிக்குத்தான் வரும். கார்ட் போட்ட கம்ப்யூட்டருக்கும் மொனிட்டருக்கும் 1000 விஏ அளவில் எடுப்பது நிம்மதி. லேசர் பிரிண்டரை அதில் மாட்டாதீர்கள். தாளைச் சூடாக்கும்போது அது இழுக்கும் மின்சாரம் யூபிஎஸ்ஸைச் சாய்த்துவிடும். பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் போகும், அது பழுதல்ல. கேசிங்குடன் இலவசமாக வரும் பவர் சப்ளையை எடுக்காதீர்கள். நல்ல பெயருள்ள 550 வாட், ‘80 பிளஸ்’ முத்திரை உள்ளது ஒன்று தனியாக வாங்குங்கள்.

இடியும் உப்புக்காற்றும் நமக்கே உரிய பிரச்சினைகள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கினால் பிளக்கைச் சுவரிலிருந்தே கழற்றுங்கள். இணைய வயரையும் சேர்த்து. மின்னல் அந்த வயர் வழியாகவும் வரும், அப்போது யூபிஎஸ் காப்பாற்றாது. வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறோம். ரேமின் பொன்பூச்சு முனைகளிலும் யூஎஸ்பி துளைகளிலும் பூஞ்சை போலப் படிவது உப்பும் ஈரமும்தான். காற்று நுழையும் பக்கம் வலை வைத்த கேசிங், மாதத்துக்கு ஒரு முறை துடைப்பு, கடற்கரைப் பக்கத்து யன்னலிலிருந்து தள்ளி ஓர் இடம். மாரி காலத்தில் நாள் முழுவதும் பூட்டிவைப்பதைவிடத் தினமும் சிறிது நேரமாவது ஓடவிடுவது நல்லது, உள்ளே ஈரம் தங்காது.

மென்பொருள் விஷயத்தில் ஒரு பழைய கட்டு இருக்கிறது. நீங்கள் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவும் பாவிக்கிறீர்கள். இன்று ஃபோனிலும் இணையத்திலும் உள்ள பொது எழுத்துமுறையான யூனிகோட் பேஜ்மேக்கருக்குத் தெரியாது; வாட்ஸ்அப்பில் வரும் அறிவித்தலை ஒவ்வொரு முறையும் பாமினிக்கு மாற்ற வேண்டியிருப்பது அதனால்தான். இன்டிசைனில் யூனிகோட் தமிழ் சரியாக வர, பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட் ரெடி’ கம்போசரைத் தெரிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், உடனே எல்லோரும் எழுத்துருவைத் திட்டுவார்கள். இலவசமாக வேண்டுமானால் இங்க்ஸ்கேப்பும் ஸ்க்ரைபஸின் புதிய பதிப்புகளும் தமிழைச் சரியாகக் கோர்க்கும். எந்த மென்பொருளை வாங்கினாலும் காசு கொடுக்குமுன் ‘கொ’, ‘கௌ’, ‘ஸ்ரீ’ மூன்றையும் தட்டச்சு செய்து, பிடிஎஃப் ஆக்கித் திறந்து பாருங்கள். அப்பிளின் சிறிய கம்ப்யூட்டரான மக் மினியையும் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 2024இல் வந்த எம்4 மாதிரியே 16 ஜிபியுடன் தொடங்குகிறது. வடிவமைப்புக்கு மிக நல்ல பெட்டி. ஆனால் ரேமைப் பிறகு கூட்ட முடியாது, பழுதுபட்டால் கொழும்புக்குத்தான் போக வேண்டும், ஸ்டிக்கர் வெட்டும் உங்கள் பழைய வினைல் கட்டர் அதனுடன் பேசுமா என்பதும் சந்தேகம். வடிவமைப்பு மட்டும் செய்பவராக இருந்தால் வாங்குங்கள் என்றிருப்பேன்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. உங்கள் நான்காம் தலைமுறைக் கம்ப்யூட்டரை மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் 11க்கு ஏற்பதில்லை. புதிய கம்ப்யூட்டரில் 11தான் வரும். கருவிகளைக் கம்ப்யூட்டருடன் பேசவைக்கும் டிரைவர் மென்பொருளில் பழைய 32 பிட் வகை அதில் ஓடாது. கட்டருக்கோ பழைய பிரிண்டருக்கோ 64 பிட் டிரைவர் இல்லையென்றால் புதுக் கம்ப்யூட்டருடன் அவை ஊமை. ஆகவே பழையதை விற்காதீர்கள். அதில் மலிவான எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, இணையத்தைக் கழற்றிவிட்டு, கட்டருக்கும் பழைய பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். கோப்பை யூஎஸ்பியில் மாற்றும்போது மட்டும் வைரஸ் பார்த்து மாற்றுங்கள்.

எங்கே வாங்குவது என்றால், கொழும்பு யூனிட்டி பிளாசாவில் தெரிவு அதிகம், விலையும் சற்று இறங்கும். ஆனால் பழுது வந்தால் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பெட்டியைத் தூக்க வேண்டும். மொனிட்டரையும் யூபிஎஸ்ஸையும் இங்கேயே வாங்குங்கள், அவைதான் தூக்குவதற்குப் பாரமானவை. கண்ணால் பார்த்தும் வாங்கலாம். மற்றதை வசதிபோல். சொல்லும் விலையில் 18 சதவீத வற் அடங்குமா என்பதையும், ஒவ்வொரு பாகத்துக்கும் வொரண்டி எத்தனை வருடம் என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

இரண்டு விவரம் தெரிந்தால் இன்னும் திட்டமாகச் சொல்லலாம்: கட்டரின் மொடல் எண், அந்த அழைப்பிதழ் அடித்த அட்டையின் நிறம். அட்டை கிரீம் என்றால், கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன்பே மஞ்சளைக் குறைத்து ஒரு தாள் அடித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.